வழுக்கை ஆற்றை மீட்கும் வழிகள்: எதை முதலில் செய்வது?

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆறு என்று சொல்லத்தக்கது ஒன்றுதான் உண்டு. தொண்டமானாறும் உப்பாறும் பெயரளவில் ஆறுகளாயினும் அவை கடல்நீரேரிகள். நிலத்தில் விழுந்த மழையைத் திரட்டி ஓடுவது வழுக்கை ஆறு மட்டுமே. தெல்லிப்பழைப் பக்கத்து மேட்டு நிலங்களில் தொடங்கி, கந்தரோடை, சண்டிலிப்பாய், நவாலி, வட்டுக்கோட்டை ஆகிய ஊர்களின் குளங்களையும் வயல்வெளிகளையும் தொடுத்துக்கொண்டு, ஏறத்தாழ 16 கிலோமீற்றர் கடந்து, அராலியில் கடல்நீரேரியைச் சேருகிறது. மாரியில் மட்டும் ஓடிக் கோடையில் வற்றிவிடும் இந்த நீரோட்டத்தைப் பேராறுகளைக் கண்டவர்கள் ஓர் ஆறாக மதிக்காமற் போகலாம். குடாநாட்டின் மேற்குப் பகுதியான வலிகாமத்தின் காலபோக நெல்லும், அதாவது மாரி மழையில் விளையும் நெல்லும், அதைச் சூழ்ந்த ஊர்களின் கிணறுகளும் இதன் தயவில் இருப்பவை என்பதை அறிந்தவர்களுக்கு இதன் நிலை நாளாந்தக் கவலை.

இந்த ஆற்றை எந்த ஒரு பெரும் திட்டமும் கெடுக்கவில்லை. சிறு சிறு செயல்கள் பல பத்தாண்டுகளாகச் சேர்ந்து கெடுத்தன. கரையோர ஒதுக்கு நிலம் மதில்களுக்குள் போயிற்று. குளங்கள் தூர்ந்தன, சில குளங்கள் ஊர்க் குப்பைக்கு இடமாயின. வெள்ளம் பரவி நின்ற தாழ்வயல்கள் மண் கொட்டி மேடாக்கப்பட்டு வீட்டுக் காணிகளாயின. வீதிகளின் கீழே போடப்பட்ட மதகுகள், மேலிருந்து வரும் வெள்ளத்தின் அளவைக் கணக்கிலெடுக்காமல் ஒடுங்கலாக அமைந்தன. இவற்றோடு, வலிகாமம் வடக்கின் பெரும்பகுதி 1990 முதல் நீண்ட காலம் இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயமாக இருந்தமையால், ஆற்றின் தலைப்பகுதியில் ஆண்டுதோறும் வாய்க்கால் வெட்டிக் குளம் துப்புரவாக்கிய ஊர்வழக்கம் ஒரு தலைமுறைக்கு அறுந்துபோயிற்று. இதன் விளைவாக, 2008 நவம்பரில் நிஷா புயல் கொணர்ந்த மழை போன்ற பெருமழையின்போது தாழ்ந்த ஊர்களில் வீடுகளுக்குள் வெள்ளம் நிற்கிறது. நான்கு மாதம் கழித்து அதே ஊர்களில் கிணற்று நீர் உவர்க்கிறது. இரண்டு கேடுகளுக்கும் மூலம் ஒன்றே என்பதைக் கண்டுகொள்ளாத எந்தத் தீர்வும் ஒன்றைக் குறைத்து மற்றதைக் கூட்டும்.

இப்போது கமக்காரர் அமைப்புக்கள், பிரதேச சபைகள், கமநல அபிவிருத்தித் திணைக்களம், நீர்ப்பாசனத் திணைக்களம் ஆகியன எடுக்க வேண்டிய முடிவுக்குப் பல வழிகள் முன்னே உள்ளன. ஆற்றைப் பெக்கோ இயந்திரத்தால் ஆழப்படுத்தி நேராக்கலாம். இரு கரையும் கொங்கிறீற்றுச் சுவர் எழுப்பலாம். அராலித் தடுப்பணையைப் பலப்படுத்தி நீரைத் தேக்கலாம். குளங்களையும் வெள்ளம் பரவும் வயல்வெளியையும் மீண்டும் ஆற்றோடு இணைக்கலாம். செறிவூட்டும் கிணறுகள் தோண்டி மழைநீரை நேராக நிலத்துக்குள் இறக்கலாம். பணம் எல்லாவற்றுக்கும் போதாது. எது முதல், எது பின், எது வேண்டவே வேண்டாம் என்பதுதான் கேள்வி.

வழிகளை ஒப்பிடுமுன் அளவுகோலைத் தீர்மானிக்க வேண்டும். குடாநாட்டின் கீழே இருப்பது சுண்ணாம்புக் கல். ஆண்டுக்கு ஏறத்தாழ 1250 மில்லிமீற்றர் மழை பெய்கிறது. அதன் பெரும்பங்கு ஐப்பசி முதல் மார்கழி வரையான மாதங்களில் கொட்டிவிடுகிறது. அந்த நீர் சுண்ணக்கல்லின் வெடிப்புக்களிலும் பொந்துகளிலும் இறங்கி, அடியிலுள்ள உவர்நீரின் மேல் ஒரு வில்லை வடிவில் மிதக்கிறது. நன்னீர் உவர்நீரைவிட இலேசானது என்பதால், கடல்மட்டத்துக்கு மேலே 1 அடி உயரத்துக்கு நன்னீர் நின்றால் அதன் கீழே ஏறத்தாழ 40 அடி ஆழம் வரை நன்னீர் இருக்கும் என்பது நிலத்தடி நீரியலில் நன்கு அறியப்பட்ட கணக்கு. இதையே மறுபக்கமாகப் பார்த்தால் அச்சம் தருவதாக இருக்கிறது: நீர்மட்டம் அரை அடி இறங்கினால், உவர்நீர் காலப்போக்கில் 20 அடி மேலேறத் தலைப்படும். புத்தூர் நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருப்பதை எல்லோரும் அறிவோம். அது ஒரு கிணற்றின் விந்தையன்று, குடாநாடு முழுவதற்கும் உரிய அமைப்பு.

ஆகவே வேறு நாடுகளில் ஓர் ஆற்றின் நலனை அதன் ஓட்டத்தைக் கொண்டு அளப்பது பொருத்தமாக இருக்கலாம். இங்கே, மாரியில் விழுந்த நீர் கடலைச் சேருமுன் நிலத்தின் மேல் எத்தனை நாள் நின்றது என்பதைக் கொண்டே அளக்க வேண்டும். நான் இக்கட்டுரையில் எல்லா வழிகளையும் இந்த ஒரே அளவுகோலால்தான் அளக்கிறேன். வெள்ளத்திலிருந்து வீடுகளைக் காப்பதும் முக்கியம் என்பதை மறுக்கவில்லை. மேலே நீரை நிறுத்தி வைப்பதே கீழே வெள்ளத்தைக் குறைப்பதற்கும் வழி என்பதால், இரண்டும் ஒன்றோடொன்று முரண்படுவதில்லை.

முதல் வழி ஆழப்படுத்தி நேராக்குதல். இது எல்லோருக்கும் உடனே புரிவது, கண்ணுக்குத் தெரிவது, ஒரு கோடைக்குள் முடிந்துவிடுவது, ஒதுக்கப்பட்ட பணத்தை ஆண்டிறுதிக்குள் செலவிட்டுக் கணக்குக் காட்டவும் இலகுவானது. வெள்ளம் நின்ற ஊரவர்கள் இதையே கேட்பதில் வியப்பில்லை. ஆயினும் இவ்வழியைப் பெரிய அளவில் முயன்ற நாடுகள் பின்னர் என்ன செய்தன என்பதைப் பார்க்க வேண்டும்.

அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் கிசிம்மி என்றொரு ஆறு, 166 கிலோமீற்றர் நீளத்துக்கு வளைந்து நெளிந்து, பரந்த சதுப்புவெளியில் பரவி ஓடியது. வெள்ளத்தைத் தடுக்கவென்று 1962 முதல் 1971 வரை அதை வெட்டி நேராக்கி, 9 மீற்றர் ஆழமான, 90 கிலோமீற்றர் நீள வாய்க்காலாக மாற்றினார்கள். வெள்ளம் தணிந்தது, சதுப்புநிலமும் காய்ந்தது, நீர்ப்பறவைகள் பெரும்பாலும் மறைந்தன, பரவி நின்று தெளிந்து போன நீர் அழுக்கோடு விரைந்து கீழேயுள்ள ஏரியிற் சேர்ந்தது. 1999இல் அதே வாய்க்காலின் நடுப்பகுதியை மண் போட்டு நிரப்பிப் பழைய வளைவுகளைத் திறக்கத் தொடங்கினார்கள். வேலை 2021இல்தான் முடிந்தது. மீட்கப்பட்டது ஏறத்தாழ 70 கிலோமீற்றர் ஆறு. செலவோ நூறு கோடி டொலர் அளவில் வந்தது. வெட்டுவதற்கு ஒன்பது ஆண்டு, பழைய ஆற்றின் நீளத்திற் பாதிக்கும் குறைந்ததைத் திருத்துவதற்கு இருபத்திரண்டு ஆண்டு.

டென்மார்க்கின் ஸ்கியெர்ன் ஆற்றின் கதை நமக்கு இன்னும் நெருக்கமானது, ஏனெனில் அங்கே நோக்கம் வெள்ளத் தடுப்பு மட்டுமன்று, வயல்நிலம் எடுப்பதும்கூட. 1960களில் ஆற்றின் கீழ்ப்பகுதியை நேராக்கி, 4000 ஹெக்டேயர் அளவான ஈரநிலத்தை வடித்து விளைநிலமாக்கினார்கள். நிலத்தடி நீர்மட்டம் இறங்கியதும் மண் அமிழ்ந்தது. காற்றுப்பட்ட மண்ணிலிருந்த இரும்புச் சேர்மங்கள் காவி நிறக் கழிவாக ஆற்றிலும் கடலேரியிலும் கலந்தன. முப்பது ஆண்டுகளுக்குள் விளைநிலத்தின் பயனும் குறைந்தது. 1999இல் தொடங்கி மூன்று நான்கு ஆண்டுகளில் 2200 ஹெக்டேயரை மீண்டும் ஆற்றிடம் ஒப்படைத்தார்கள். அதைச் செய்யக் கமக்காரரிடமிருந்து அரசு காணிகளை வாங்கியும், வேறிடத்துக் காணிகளை மாற்றாகக் கொடுத்தும் பல ஆண்டுகள் பொறுமையாகப் பேச வேண்டியிருந்தது. நிலத்தடி நீர் இறங்கினால் மண்ணே மாறிவிடும் என்பதை அந்நாடு பட்டு அறிந்தது. நம்முடைய மண்ணில் காவிக்குப் பதிலாக உவர் வரும்.

வழுக்கை ஆற்றில் ஆழப்படுத்துவதன் பயனைச் சிறு கணக்கு ஒன்றினால் எடைபோடலாம். 16 கிலோமீற்றர் முழுவதையும் 5 மீற்றர் அகலத்துக்கு மேலும் 1 மீற்றர் ஆழப்படுத்துவதாக வைத்துக்கொள்வோம். புதிதாகக் கிடைக்கும் கொள்ளளவு 80,000 கன மீற்றர். ஓர் ஏக்கர், அதாவது 16 பரப்புக் குளம் ஒன்றை 1 மீற்றர் தூர்வாரினால் ஏறத்தாழ 4000 கன மீற்றர், அதாவது 40 இலட்சம் லீற்றர் கூடுதலாக நிற்கும். இத்தகைய இருபது குளங்கள் ஆற்றின் முழுநீளத்தையும் வெட்டியதற்குச் சமம். வயல்வெளியை எடுத்தால் கணக்கு இன்னும் வியப்பாக மாறுகிறது: 15 சென்றிமீற்றர் நீர் நிற்கும்படி வரம்பு உயர்த்திய ஓர் ஏக்கர் வயல் 600 கன மீற்றருக்கு மேல் கொள்ளும், 132 ஏக்கர் வயல் அந்த 80,000 கன மீற்றரையும் தாங்கிவிடும். இதில் ஆழப்படுத்திய வாய்க்காலில் உள்ள நீர் மழை விட்ட சில நாட்களில் கடலுக்குப் போய்விடும். குளத்திலும் வயலிலும் நின்ற நீர் வாரக்கணக்கில் நிற்கும். ஒரு மாரிக்குள் பலமுறை நிரம்பி இறங்கும்.

அத்தோடு ஆழமான வாய்க்கால் இன்னொரு வேலையையும் செய்யும். அதன் அடி, சுற்றியுள்ள நிலத்தடி நீர்மட்டத்துக்குக் கீழே போய்விட்டால், பக்கத்துக் காணிகளின் நீரும் அதனுள் வடிந்து கடலை நோக்கிச் செல்லும். ஆறு தொடங்கும் மேடே கடல்மட்டத்திலிருந்து பத்து மீற்றர் அளவில்தான் இருக்கிறது; அராலியை நெருங்கும் கீழ்ப்பகுதியில் அடியை வெட்டத் தொடங்கினால் வெகு விரைவில் கடல்மட்டத்தையே எட்டிவிடுவோம். அப்போது கோடையில் உவர்நீர் அதே வாய்க்கால் வழியே உள்ளே ஏறும். வெள்ளத்தை வெளியேற்ற வெட்டிய வழி உவரை உள்ளே அழைக்கும் வழியாக மாறுவது இப்படித்தான்.

இதனால் இயந்திரமே ஆற்றுக்குள் இறங்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. படிந்த சேற்றையும் குப்பையையும் ஆகாயத்தாமரையையும் அகற்றிப் பழைய அடிமட்டம் வரை வாருவது ஆண்டுதோறும் செய்ய வேண்டிய கடமை. பழைய அடியைக் கடந்து, களிமண் படையையும் சுண்ணக்கல்லையும் கிழித்துக்கொண்டு இறங்குவதுதான் கேடு. பெக்கோ ஓட்டுபவருக்கு அந்த எல்லை எங்கே என்று யாரும் குறித்துக் கொடுப்பதில்லை. ஒப்பந்தம் வெட்டிய மண்ணின் கன அளவுக்குப் பணம் கொடுக்கிறது என்றால் அவர் ஆழமாகத்தான் வெட்டுவார். அடிமட்டத்தைக் குறிக்கும் கற்கள் நாட்டப்படாமல் தூர்வாரும் ஒப்பந்தம் எதுவும் வழங்கப்படக் கூடாது.

இரண்டாவது வழியான கொங்கிறீற்றுக் கரையைப் பற்றி நீளமாகப் பேச வேண்டியதில்லை. கரை அரிப்பைத் தடுக்கும், ஆக்கிரமிப்பையும் ஓரளவு தடுக்கும். ஆனால் நீர் நிலத்துக்குள் இறங்குவதை அது முற்றாக மூடிவிடும். தென்கொரியாவின் சியோல் நகரில் வீதிக்கு அடியில் புதைந்திருந்த ஓடை ஒன்றை 2005இல் 5.8 கிலோமீற்றர் நீளத்துக்குத் திறந்து, கல்லும் கொங்கிறீற்றுமாகக் கரை கட்டி அழகு செய்தார்கள். நகரத்து மக்களுக்கு அது பெரும் ஆறுதல். ஆயினும் அதில் ஓடும் நீரின் பெரும்பகுதி, நாளொன்றுக்கு 1,20,000 தொன் அளவில், ஹான் ஆற்றிலிருந்து இயந்திரங்களால் இறைத்து விடப்படுவது. இறைத்து விடுவதற்கு நமக்கு இன்னோர் ஆறு இல்லை. மதகுகளின் இரு பக்கத்திலும், வளைவின் வெளிக்கரை அரித்துப்போகும் ஓரிரு இடங்களிலும் கட்டுவது போதும்.

அராலித் தடுப்பணை மூன்றாவது வழி. இதைக் குறைவாக மதிப்பிடக் கூடாது. கோடையில் கடல்நீரேரியின் உவர்நீர் மேலேறாமல் தடுப்பதற்கும், மாரியின் கடைசி மழையை வயல்வெளியில் நிறுத்தி வைப்பதற்கும் அதைவிட்டால் வேறு சாதனம் இல்லை. தொண்டமானாற்றிலும் அரியாலையிலும் 1940களின் பிற்பகுதி முதல் 1950கள் வரை கட்டப்பட்ட தடுப்பணைகள் இதே எண்ணத்தில் எழுந்தவை. பொறியியலாளர் ஆறுமுகம் 1950களில் முன்வைத்த யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு என்ற பெருந்திட்டமும் அந்த எண்ணத்தையே விரித்தது: கனகராயன் ஆறு கொணரும் நன்னீரை ஆனையிறவுக் கடல்நீரேரியில் மறித்து, முள்ளியான் வாய்க்கால் வழியாக வடமராட்சிக் கடல்நீரேரிக்கும் அங்கிருந்து உப்பாற்றுக்கும் கொண்டுவந்து, ஆண்டுக்காண்டு உவரைக் கழுவி நன்னீரேரிகளாக மாற்றுவது. அத்திட்டம் முழுமை பெறவில்லை. அதன் தகுதியை ஆராய்வது தனிக் கட்டுரைக்கு உரியது. வழுக்கை ஆற்றுக்கு ஒதுக்கும் பணத்தோடு அது போட்டியிடுவதும் இல்லை, வலிகாமத்தின் மேட்டு நிலக் கிணறுகளுக்கு அது நேரே எட்டுவதும் இல்லை.

அந்தப் பழைய தடுப்பணைகள் நமக்குத் தரும் பாடம் கட்டுமானத்தைவிடப் பராமரிப்பைப் பற்றியது. மரப் பலகைகள் உக்கின, இடுக்குகளால் உவர்நீர் கசிந்தது, போர்க்காலத்தில் பார்ப்பாரில்லை. அராலியில் கதவுகளைப் புதிதாக்குவதற்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பங்கை, கதவுகளைத் திறந்து மூடுபவருக்கான சம்பளமாகவும் ஆண்டுப் பராமரிப்பாகவும் ஒதுக்காவிட்டால், அந்தக் கதவுகளும் பத்து ஆண்டில் அதே கதிக்கு ஆளாகும்.

கதவை எப்போது மூடுவது என்பதும் இலேசான விடயமன்று. ஐப்பசியின் முதல் மழைகள் கோடையில் மேற்பரப்பில் பூத்த உப்பைக் கரைத்துக்கொண்டு வருபவை. அவற்றை வெளியே விட்டுவிட வேண்டும். கார்த்திகைப் பெருவெள்ளத்தில் கதவு மூடியிருந்தால் நெற்பயிர் அழுகும். மார்கழி பிறந்து மழை தளரும்போது மூடினால் நிற்பது நல்ல நீர். இதை வயற்காரரின் கணக்கில் மட்டும் தீர்மானிக்கவும் முடியாது. கடல்நீரேரியில் களங்கட்டி வலை வைத்தும் சிறு வள்ளங்களிலும் தொழில் செய்யும் குடும்பங்களுக்கு, மாரியில் வந்து கலக்கும் நன்னீர் இறாலும் மீனும் வளர்வதற்கு வேண்டியது. எனவே கதவு பற்றிய முடிவைக் கமக்காரர் அமைப்பும் கடற்றொழிலாளர் சங்கமும் ஒரே மேசையில் இருந்து, மாரிக்கு முன்னரே எழுத்தில் செய்துகொள்வது நல்லது. தடுப்பணைக்கு இன்னோர் எல்லையும் உண்டு: அது ஆற்றின் கடைசிச் சில கிலோமீற்றர்களுக்கே உதவும். மேலே கந்தரோடையில் பத்து மணித்தியாலத்தில் ஓடி இறங்கிய நீரை அராலிக் கதவு மீண்டும் மேட்டுக்கு அனுப்பாது.

ஆகவே என் கணிப்பில் முதலிடம் பெறுவது நான்காவது வழி. குளங்களைத் தூர்வாரி, அவற்றை ஆற்றோடு தொடுத்த வாய்க்கால்களைத் திறந்து, வெள்ளம் பரவுவதற்கு என்று இருந்த தாழ்வயல்களையும் தரவைகள் எனும் வெட்டைப் புல்நிலங்களையும் மீண்டும் அதற்கே விடுதல். குடாநாட்டில் பல நூறு குளங்கள் உள்ளன. வழுக்கை ஆற்றை அண்டியவை தனித்தனிக் குளங்களாக வெட்டப்பட்டவையல்ல, மேற்குளம் நிரம்பினால் கீழ்க்குளத்துக்கு வழியும்படி ஒன்றுடன் ஒன்று இணைந்தவை. இணைப்பு வாய்க்கால் ஒன்று மதிலால் மறிக்கப்பட்டால் கீழேயுள்ள குளம் எவ்வளவு ஆழமாகத் தூர்வாரினாலும் வெறுங்குளமாகவே கிடக்கும். ஆதலால் குளத்தை ஒவ்வொன்றாகத் தெரிவுசெய்து பணம் கொடுக்கும் இன்றைய முறையை விட்டு, ஒரு தொடரை முழுதாக எடுத்து மேலிருந்து கீழாகச் செய்து வர வேண்டும்.

சிறு நீர்நிலைகளால் ஓர் ஆறு உயிர்பெற்றதற்கு இந்தியாவில் நன்கு அறியப்பட்ட சான்று உண்டு. இராசத்தான் மாநிலத்து அல்வார் மாவட்டத்தில், தருண் பாரத் சங்கம் என்ற அமைப்பும் இராஜேந்திர சிங்கும் ஊரவர்களும் 1980களின் நடுப்பகுதியிலிருந்து மண்ணணைக் குளங்களைக் கட்டியும் திருத்தியும் வந்தார்கள். மழை முடிந்ததும் வற்றிக் கிடந்த அர்வாரி ஆறு 1990களின் நடுவில் ஆண்டு முழுதும் ஓடத் தொடங்கியது. அதன்பின் எழுபது அளவான ஊர்கள் கூடி ஆற்றுக்கென்று ஒரு பாராளுமன்றம் அமைத்து, எந்தப் பயிரை எவ்வளவு இறைத்துச் செய்யலாம் என்பது வரை விதி வகுத்தன. அந்த நாட்டின் கடும்பாறை மலைநிலம் வேறு, நம்முடைய சுண்ணக்கல் தட்டைநிலம் வேறு. வழுக்கை ஆறு கோடையிலும் ஓடும் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டியதில்லை. நமக்கு வேண்டிய விளைவு, பங்குனியிலும் சித்திரையிலும் கிணற்று நீர் இன்னும் சில அங்குலம் உயர்ந்து, உவர்ப்புக் குறைந்து நிற்பது. மேலே சொன்ன நாற்பது மடங்குக் கணக்கை நினைத்தால் அந்தச் சில அங்குலத்தின் பெறுமதி விளங்கும். அர்வாரியிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய இன்னொன்று, நீர் சேர்ந்த பின் அதைப் பங்கிடும் ஒழுங்கு. ஒரு இலட்சத்துக்கு மேற்பட்ட கிணறுகள் உள்ள குடாநாட்டில், துலாவில் இறைத்த காலத்து அளவோடு வெங்காயமும் புகையிலையும் செய்தவர்கள் இன்று இயந்திரத்தால் அதைப்போல் பல மடங்கு இறைக்கிறார்கள். சேர்ப்பதையெல்லாம் இறைத்துவிட்டால் எந்தக் குளமும் உதவாது.

இந்த வழியின் குறைகளை மறைக்கக் கூடாது. முதலாவது காணி. பல குடும்பங்கள் உறுதி எழுதி வாங்கிய நிலத்தில்தான் வெள்ளம் நிற்க வேண்டும் என்று நாம் சொல்கிறோம். வயலை மண் போட்டு மேடாக்குவதற்கு 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டம் அனுமதி வேண்டுமென்கிறது. அந்தச் சட்டத்தை இனிமேல் நிகழப்போவதைத் தடுக்க உறுதியாகப் பயன்படுத்தலாம். ஏற்கெனவே வீடு கட்டி, போரால் இரண்டு மூன்று முறை இடம்பெயர்ந்து, கடைசியாக அங்கே காலூன்றியவரை அதே சட்டத்தைக் காட்டி எழுப்புவது அறமாகாது. வீடுகள் வந்துவிட்ட இடங்களில் நீருக்கு மாற்றுவழி விட்டு, இன்னும் வயலாக இருக்கும் இடங்களை வயலாகவே காப்பதில் முயற்சியைச் செலுத்த வேண்டும். பெருமழை ஆண்டில் வெள்ளத்தைத் தன் வயலில் ஏற்றுக்கொண்டு பயிரிழந்த கமக்காரருக்கு இழப்பீடு கிடைக்கும் என்பது முன்கூட்டியே உறுதிசெய்யப்பட வேண்டும். கீழூர் வீடுகள் தப்பியதற்கு மேலூர் வயற்காரர் தனியே விலை கொடுப்பது நியாயமன்று.

இரண்டாவது, நிற்கும் நீரின் தூய்மை. சுண்ணக்கல் வடிகட்டும் மண்ணல்ல; வெடிப்பினூடே இறங்கிய அழுக்கு அப்படியே கிணற்றைச் சேரும். தோட்டங்களில் அளவுக்கு மீறி இடப்படும் உரத்தால் வலிகாமத்துக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று, உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்கு விதித்த லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற எல்லையை மீறியிருப்பது நெடுநாட் கவலை. சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்ததாக எழுந்த பிரச்சினை மறக்கக்கூடியதன்று. குப்பை கொட்டிய குளத்தைத் துப்புரவாக்காமல் நீரை மட்டும் நிரப்பினால், நோயைத்தான் நிலத்துக்குள் இறக்குவோம். தூர்வாரிய வண்டலைத் தோட்டத்துக்கு ஏற்றும் பழைய வழக்கம் நல்லது. வாகனம் கழுவும் நிலையங்களின் கழிவும் ஆலைக் கழிவும் சேர்ந்த குளங்களின் வண்டலைச் சோதனை செய்யாமல் ஏற்றக் கூடாது.

இதே காரணத்தால் ஐந்தாவது வழியான செறிவூட்டும் கிணறுகளை நான் மிகவும் கீழே வைக்கிறேன். கூரையில் விழும் மழையை வடிகட்டி வீட்டுக் கிணற்றுக்குள் விடுவது நல்லது, ஊரெங்கும் ஊக்கப்படுத்தலாம். வீதியிலும் தோட்டத்திலும் ஓடிவரும் வெள்ளத்தைக் குழாய் வைத்துச் சுண்ணக்கல்லுக்குள் நேரே இறக்குவது வேறு. மண்ணிலும் புல்லிலும் குளத்து வண்டலிலும் நின்று கசியும்போது நீரிலுள்ள கிருமிகளும் அழுக்கும் கணிசமாகக் குறைகின்றன. அந்தப் படிநிலையைத் தாண்டிக் குறுக்கே போவதற்கு இந்த நிலத்தில் இடமில்லை.

ஒன்றும் செய்யாமல் விடுவதும் ஒரு தெரிவு என்று சிலர் கருதலாம். தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் வந்துவிட்டதே என்ற எண்ணமும் அதன் பின்னே இருக்கலாம். குழாய் நீர் குடிப்பதற்கு உதவும். அதைக் கொண்டு வெங்காயத் தோட்டம் இறைக்க முடியாது, நெல் விளைவிக்க முடியாது. கடல்மட்டம் உயர்ந்துவரும் காலத்தில், மேலே நிற்கும் நன்னீரின் அழுத்தம் ஒன்றுதான் உவரைக் கீழே வைத்திருக்கிறது. விட்டுவிட்டால் ஆறு அப்படியே இருக்காது. ஒவ்வோர் ஆண்டும் இன்னும் சில பரப்பு மேடாகும், இன்னொரு மதகு அடைபடும்.

எனவே கிடைக்கும் பணத்தை நான் சொல்லும் ஒழுங்கில் செலவிடுமாறு கேட்கிறேன். முதலில் நில அளவை: ஆற்றின் ஒதுக்கு எல்லை, குள எல்லை, இணைப்பு வாய்க்கால், பழைய அடிமட்டம் ஆகியவற்றை நில அளவைத் திணைக்களத்தின் வரைபடத்தோடு ஒப்பிட்டுக் கல் நாட்டுதல். இது மலிவான வேலை, ஆனால் அயலவரோடு பிணக்கு வரும் என்பதால் எல்லோரும் தள்ளிப்போடும் வேலை. இரண்டாவதாக, தலைப்பகுதியிலிருந்து ஒரு குளத்தொடரை எடுத்து, குப்பை அகற்றி, தூர்வாரி, வாய்க்காலைத் திறந்து, ஒடுங்கிய மதகுகளை அகலமாக்கி முழுமையாக முடித்தல். தலைப்பகுதி என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம், அங்கேயுள்ள செம்மண் நீரை விரைவாக உள்வாங்குவது. அங்கே நிறுத்திய நீர் கீழூர்களின் வெள்ளத்தையும் குறைக்கும், கிணறுகளையும் நிரப்பும். மூன்றாவதாக, நடுப்பகுதி வயல்வெளியில் வரம்புகளை உயர்த்தி, சிறு பலகைக் கதவுகளால் நீரைக் கட்டம் கட்டமாக நிறுத்துதல். நான்காவதாக அராலிக் கதவுகளும் அவற்றின் பராமரிப்பு நிதியும். ஆற்றின் முழுநீளத் தூர்வாரல் இவற்றுக்குப் பின்னரே வர வேண்டும், அதுவும் நாட்டிய கல்லின் மட்டம் வரை மட்டும். கீழூர்களில் ஓரிரு வீதி மதகுகள் வெள்ளத்தில் உயிராபத்து விளைவிக்கும் நிலையில் இருந்தால், அவற்றை மட்டும் இந்த ஒழுங்குக்கு வெளியே உடனே திருத்தலாம்.

பயன் கிடைத்ததா என்பதை அறிய, வெட்டிய மண்ணின் கன அளவை எண்ணுவதை விட்டு, ஆற்றை அண்டிய ஊர்களில் சில கிணறுகளைத் தெரிந்து, தை, பங்குனி, ஆவணி மாதங்களில் நீர்மட்டத்தையும் மின்கடத்துதிறன் வழியே உவர்ப்பையும் அளந்து வர வேண்டும். பாடசாலை மாணவர்களே செய்யக்கூடிய வேலை இது. கருவியும் விலை அதிகமில்லாதது. வேலை தொடங்குவதற்கு முந்திய ஆண்டின் அளவீடு இல்லாமல் பின்னைய அளவீட்டுக்குப் பொருள் இல்லாததால், அளவீட்டை இந்தத் தையிலேயே தொடங்கலாம். குளத்துக்குள் இயந்திரம் இறங்கக்கூடியது வைகாசி முதல் புரட்டாதி வரைதான். அதற்கு முன் எல்லைக் கல் நாட்டி முடிய வேண்டுமானால், பிரதேச சபையும் கமக்காரர் அமைப்புக்களும் நில அளவைக்கான கோரிக்கையை மாசிக்குள் எழுதிக் கொடுத்தாக வேண்டும்.